டிஸ்க்கின் பாரம் தீர்த்த படலம்

உலகில் காவல் தொழிலைச் சீர்திருத்தியவர்கள் இரண்டே பேர். முதலாமவர் யாரென்று எனக்குத் தெரியாது. இரண்டாமவரைப் பற்றிப் பேசத் தன்னடக்கம் இடம் தராது. ஆகவே அதைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசுகிறேன்.

எங்கள் நிறுவனம் பேருந்து டிக்கெட்டை இணையத்தில் விற்கிறது. விற்பனை மொத்தமும் பின்னறையில் இருக்கும் ஒரே சர்வரின் தலையில். அதன் சூடு, வேகம், மூச்சு எல்லாவற்றையும் வரைபடமாக்குவது 'கண்காணிப்புப் பிரிவு'. அதில் நான் தலைமை. என் தங்கையின் கணவர் பிரிவு.

ஒருநாள் மாப்பிள்ளை வந்து, டிக்கெட் எழுதித் தேய்வதைவிட நம் வரைபடங்களை எழுதித்தான் டிஸ்க் தேய்கிறது என்றார். வரைபடங்களை மெமரியிலேயே வைத்துக்கொள்ளலாம், அவ்வப்போது டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுக்கலாம் என்பது அவர் யோசனை. சொன்ன விலையில் பாதியைக் குறைக்காமல் எதையும் வாங்காத வியாபாரிக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். நகலும் பாரம்தானே என்று பின்பாதியை வெட்டினேன்.

"மிஷினை அணைச்சா மெமரியில இருக்கிறது எல்லாம் போயிடும் மச்சான்."

"போகட்டும் மாப்ளே. நேத்து அடிச்ச வெயிலை இன்னிக்கு யாரு கேக்கிறா?"

டிஸ்க் இளைப்பாறியது. எனக்குச் சுழல் நாற்காலி வந்தது. மெமரி சும்மா கிடைக்கிறது என்றதும் கை நீண்டது. நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்ததை நொடிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னேன். விசிறி சுற்றுவதைப் பார்த்தோம். பார்ப்பதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதையும் பார்த்தோம். மெமரி நிரம்பி வருகிறது என்று மாப்பிள்ளை முறையிட்டார். அதற்கும் ஒரு வரைபடம் போடச் சொன்னேன்.

நீண்ட விடுமுறைக்கு முந்தின காலை, ஊரே டிக்கெட் கேட்ட நேரத்தில், சர்வர் மூச்சடைத்து நின்றது. முதலாளி பின்னறைக்கே வந்துவிட்டார். காரணம் எவனோ, அவன் சாயங்காலம் வேலையில் இருக்கமாட்டான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் கத்தும்போது பயமில்லை; மெதுவாகப் பேசும்போதுதான்.

மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், இன்னும் சாகல, திணறுது. எதனாலன்னு மெமரியில இருக்கு. கொஞ்சம் பொறுங்க, டிஸ்க்குக்கு இழுத்துடறேன். அணைச்சிட்டா ஒண்ணும் மிஞ்சாது."

நானும் எட்டிப் பார்த்தேன். மெமரியைத் தின்றவர்களின் வரைபடம். ஒரே ஒரு கோடு கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் அடியில் என் பிரிவின் பெயர். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் வாடிக்கையாளர்கள்மேல் எனக்குப் பொங்கிய அன்பு இருக்கிறதே, சொல்லி மாளாது.

"ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க, இங்க உட்கார்ந்து கோடு பாத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று சர்வரை அணைக்கும் பொத்தானை நானே அமுக்கிப் பிடித்தேன்.

சர்வர் பச்சைக்குழந்தை மாதிரி விழித்தது. வரைபடங்கள் வெள்ளைவெளேர் என்றிருந்தன. முதலாளி என் தோளில் தட்டினார். தொடர்ந்து நடந்த விசாரணைக்கு நானே தலைவர், நானே உறுப்பினர். 'ஆதாரம் ஏதுமில்லை, ஆயினும் நெருக்கடி வேளையில் தாமதம் கோரியவர் ஒருவர் உண்டு' என்று ஒருமனதாக முடிவு செய்தேன்.

மாலையில் ஆறுதல் சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனேன். வேலை போன மாப்பிள்ளை உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காரணம் கடைசிவரை தெரியாமலே போய்விட்டதே, எல்லாம் மெமரியோடு அழிந்துவிட்டதே என்று மனமார வருந்தினேன்.

தங்கை தண்ணீர் டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"மெமரி அழிஞ்சது மிஷினுக்குத்தானே அண்ணே?" என்றாள். "உனக்கில்லையே."