பின்சீட்டில்தான் எனக்கு வாய் வரும்

பூண்டு உரித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நாலு பல் உரித்தால் ஒரு வரி. தாளில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாகப் போனால் அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். கட்டிய கணவரிடமே முகம் பார்த்துப் பேச வராது. "சாப்பிட வாங்க" என்பதைக்கூடக் கதவைப் பார்த்துத்தான் சொல்வேன். கதவு இதுவரை சாப்பிட வந்ததில்லை. அவர்தான் வந்தார். புண்ணியவான்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் எனக்கு வாய் வரும். அவருடைய வண்டியின் பின்சீட்டில்.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு க்ரூசர் என்று பேர். சீட்டு தாழ்வு, ஹேண்டில் உயரம், காலை முன்னால் நீட்டிக்கொண்டு சாய்ந்து போகலாம். எங்கள் தெருவில் அதைச் 'சோபா' என்பார்கள். பின்சீட்டு அகலம். முதுகு சாய ஒரு மெத்தை உண்டு. நடுவில் பாப்பாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் அவர் காது என் வாய்க்கு நேராக வரும். முதுகைப் பார்த்துப் பேச என்ன கூச்சம்? முதுகு முறைக்காது. முதுகு குறுக்கே பேசாது. பாப்பா வரப்போகிறாள் என்று முதன்முதலில் சொன்னதும் அந்த முதுகிடம்தான். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, பிறகு நேராகப் போனது. வீடு வரைக்கும் எல்லாரும் எங்களை ஓவர்டேக் பண்ணினார்கள், சைக்கிள் உட்பட. அவ்வளவு மெதுவாக ஓட்டினார். அந்த மெதுவுக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வழி சொல்வதும் நான்தான். ஆட்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருப்பதால் கடைகளைப் பார்ப்பேன். அதனால் வழி மறக்காது. "இடது பக்கம்ங்க", "அடுத்த சந்துங்க" என்று மெல்லச் சொல்வேன். பேச்சோடு பேச்சாக அவரும் திருப்புவார். அவருக்கு வேலை கண்ணாடிக் கடையில், கண்ணுக்குப் பவர் பார்ப்பது. ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணுகிறவருக்குத் தன் தெரு எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. "எந்த மூலைக்கும் எனக்கு வழி அத்துப்படி" என்று எல்லாரிடமும் சொல்வார். நானும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு நாள் சிக்னலில் இடி விழுந்தது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கில் வந்த ஒரு பையன், "அங்கிள், சோபாவைக் கொஞ்சம் ஓரமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். சோபாவைக் குடுத்துட்டு ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கறேன்."

பால் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "ஏன் தம்பி, அதுல பின்சீட்டு சோப்புப் பெட்டி அளவுதானே? இவளும் குழந்தையும் எங்க உக்காருவாங்க?"

"அவங்க பஸ்ல வந்துடுவாங்கக்கா. நான் முன்னாடியே போய் இடம் போட்டு வெப்பேன்."

பஸ்ஸில் நான் யார் முதுகிடம் பேசுவேன்?

அவர் என் பக்கம் திரும்பினார். கில்லாடி. என் கூச்சம் அவருக்கு மனப்பாடம். "இதோ பாரும்மா, நான் கொடுமைக்காரன் இல்ல. நீ வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கதவைப் பார்த்தேன்.

"பாத்தீங்களாக்கா? சம்மதிச்சுட்டா."

ஒரு வார்த்தை வராவிட்டால் என்ன? மூளை வரும். அக்காவின் வீட்டுக்காரர் மெக்கானிக். இந்த வண்டி இவருக்குச் சரிப்படுமா என்று அவரைக் கேட்டுவர அக்காவிடம் சொன்னேன். அக்கா வந்து சொன்னாள்: "சோபாவுல சாஞ்சு பழகினவர் திடீர்னு அதுல ஏறினா இடுப்பு கழண்டுடுமாம். முதுகு வளையணும், பாரம் கையில நிக்கணும், முட்டி மடங்கணும், கழுத்து மட்டும் நிமிரணும். பழகிட்டு ஏறச் சொல்றார்."

இந்த வேலையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பார்க்கவில்லை, தினமும் செய்கிறேன். தரை துடைக்கிறபோது.

மறுநாள் வாளியையும் துணியையும் கொண்டுவந்து வைத்து, வாளியைப் பார்த்துச் சொன்னேன்: "பழகிக்கோங்க."

"இது தரை துடைக்கிறதாச்சே!"

"உங்களுக்கு ரேஸ். தரைக்குத்தான் துடைக்கிறது."

குனிந்தார். பாப்பா ஓடிவந்து முதுகில் ஏறிக்கொண்டாள். "பின்சீட்டு ஆளோட பழகினா இன்னும் நல்லதாம்" என்றேன். கூடத்தை ஒரு சுற்று வந்தார். "கழுத்தை நிமிர்த்துங்க, சிக்னல் வருது" என்றேன். நிமிர்த்தினார். "வளைவுல சாயணுமாம்" என்றேன். அலமாரி ஓரம் சாய்ந்து துடைத்தார். முதுகு தெரிந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடுகிறது, என்ன செய்ய?

இரண்டே நாளில் ஓய்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவர் ஓயவில்லை. வீடு கண்ணாடி மாதிரி ஆனது. அவர் தொப்பை கரைந்தது. தரையில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டார். நான் போட்ட திட்டத்தில் நானே அவரைத் தயார்பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

"இப்ப என் இடுப்பு ரப்பர்" என்றார். "கிளம்பு, டெஸ்ட் ரைடு."

பாப்பாவை அக்காவிடம் விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனோம். வழியெல்லாம் நான் பேசவே இல்லை, இடது வலது தவிர. இதுதான் அந்தச் சீட்டில் கடைசி என்று மெத்தையைத் தடவிக்கொண்டே போனேன்.

சிவப்பு வண்டியில் ஏறினார். குனிந்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் காலுக்குப் பழக்கம் போகவில்லை. கால் வைக்கிற கட்டை பின்னால் இருக்க, இரண்டு காலும் முன்னால் நீண்டு காற்றில் துழாவின. எதிரே நின்ற சேல்ஸ் தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பின்னால சார்... கால் பின்னால..." என்று உட்கார்ந்தபடியே சொன்னான். பிறகு என்னிடம், "மேடம், நீங்களும் ஏறிப் பாருங்க. நேராப் போய் ரவுண்டானால திரும்பி வந்துடுங்க."

ஏறினேன். ஏறினேன் என்பதைவிடப் பரண்மேல் தூக்கிவைத்த அண்டா மாதிரி ஆனேன் என்பதுதான் சரி. அவர் கீழே படுத்திருக்கிறார், நான் மேலே நிற்கிறேன். என் வாய்க்கு நேராகக் காது இல்லை, ஆகாயம்தான் இருந்தது. அவர் தலையில் முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் வேறு. வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது.

ரவுண்டானா வந்தது. மூன்று சுற்று சுற்றினார். "இடது பக்கம்ங்க" என்றேன். வலது பக்கம் போனார். "அடுத்த சந்துங்க" என்றேன். சந்து போய்விட்டது. தோளைத் தட்டியிருக்கலாம்தான். கை காலியாக இல்லை, உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மரக்கடை வந்தது. மருந்துக்கடை வந்தது. மறுபடி மரக்கடை வந்தது. மூன்றாவது தடவை மரக்கடைக்காரர் கையாட்டினார். அங்கேயே பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. "இது எந்த இடம்?"

நான் மரக்கடையைப் பார்த்துச் சொன்னேன். "ஷோரூமுக்குப் பின் தெரு."

"உனக்குத் தெரியுமா? சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னேன்."

"எனக்குக் கேக்கலையே!"

"எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன்."

"எப்பவும்னா?" கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப... இத்தனை வருஷமா வழி கண்டுபிடிச்சது நான் இல்லையா?"

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நான் சொன்ன உடனே."

அவர் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். இப்போது முதுகு எனக்கு எதிரே சரியான உயரத்தில் இருந்தது. வாய் வந்துவிட்டது.

"எனக்கு பஸ் வேண்டாங்க. உங்ககூடப் பேச எனக்கு இருக்கறது அந்த ஒரு சீட்டுதான்."

வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நேரானது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தைதானே கேட்டேன்?"

"அப்ப உங்க முகம் குறுக்க இருந்துச்சு."

சிரித்தார். முதுகு குலுங்கியதை வைத்துச் சொல்கிறேன். சேல்ஸ் தம்பி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான். "எப்படி சார் வண்டி? புக் பண்ணிடலாமா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. வழி சொல்ற வசதி இல்ல."

திரும்பும்போது சோபாவில் நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் "சரிம்மா" என்றார். இதற்கு முன்னால் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கி, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். அவரும் கூடவே தவறவிட்டார்.

தரை துடைப்பது மட்டும் நிற்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். அவரை அப்படிச் சொல்லச் சொன்னது அக்கா. அக்காவை அப்படிச் சொல்லச் சொன்னது... பூண்டு நிறைய மிச்சமிருக்கிறது, அதெல்லாம் எழுத நேரமில்லை.

இதோ, உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். "ஏம்மா! கட்டிலுக்கு அடியில வந்துட்டேன். எந்தப் பக்கமாத் திரும்பினா வெளிய வரலாம்?"

பாவம், போய் வழி சொல்ல வேண்டும். இடது பக்கம் என்று சொல்லி, வருகிற வழியில் அப்படியே அந்த அலமாரிக்கு அடியிலும் ஒரு துடை துடைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.