நாற்பதாம் கிளாஸுக்கு ஒரு ஓட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். பழைய பிரிட்டிஷ் டீசல் ரயில் என்ஜின்கள் இந்த உலகத்துக்கு இன்னும் நிறைய வேண்டும். அதற்காக நான் பாடுபடுவேன். ஆமென்.

அந்த ஆமென் மட்டும் வாய்க்கு வெளியே வந்துவிட்டது. பாஸ்டர் அப்போதுதான் ஜெபத்தின் பாதியில் இருந்தார். பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். 'வூட்டுக்கு வா.'

என் பெயர் ஜெபகுமார். செவிலிமேட்டில் வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். வாரம் ஆறு நாள் பஸ். ஏழாம் நாள் ரயில். நிஜ ரயில் இல்லை. எங்கள் மகள் ஷாரோன் வேலை கிடைத்து பெங்களூர் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில், ரயில் ஓட்டும் விளையாட்டு.

விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிக்னல் பார்க்க வேண்டும். பிரேக்கை எங்கே போடுவது என்று தெரிய வேண்டும். பிளாட்பாரத்தைத் தாண்டி நிறுத்தினால் மார்க் குறைப்பார்கள். எங்கள் கம்பெனியில்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

அதில் ஒரே ஒரு குறை. இருக்கிற ரயிலெல்லாம் புது மின்சார ரயில். ஃபிரிட்ஜை ஓட்டுவது மாதிரி இருக்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று கதவைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய டீசல் ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். முப்பத்தேழாம் கிளாஸ்; அந்த ஊரில் என்ஜின் வகைகளுக்கு இப்படி நம்பர்தான் பெயர். ஸ்டார்ட் செய்தால் முதலில் இருமும். அப்புறம் கனைக்கும். அப்புறம் பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரோ உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டால் எனக்கு முதுகுத்தண்டு ஜிலீர் என்றிருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து மலைப்பாதையில் அந்த வண்டியோடு கிளம்பினேன் என்றால், சாயங்காலம்தான் செவிலிமேட்டுக்குத் திரும்புவேன்.

ஒன்று கிடைத்தால் மனசு அடுத்ததைக் கேட்கும் இல்லையா? எனக்கு நாற்பதாம் கிளாஸ் வேண்டும். நீண்ட மூக்கு. விசில் அடித்துக்கொண்டே இழுக்கும். இன்னும் ஐம்பத்தைந்து இருக்கிறது, இருபது இருக்கிறது. எதுவும் இந்த விளையாட்டில் இல்லை.

சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமானது.

"இன்னாபா அது, ஜெபத்துக்கு நடுவுல ஆமென்?"

"மனசுல ஒரு பாரம் எஸ்தரு."

"இன்னா பாரம்?"

"நாப்பதாங் கிளாஸ்."

"பத்தாங் கிளாஸே ரெண்டு வாட்டி எழுதினவன் நீ. உனக்கு நாப்பதாங் கிளாஸ் எதுக்கு?"

"ஐயோ, அது ரயிலு என்ஜின் மா."

எஸ்தர் மேலே பார்த்தாள். அங்கே மின்விசிறிதான் இருந்தது. அதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "வாரம் பூரா பஸ்ஸு ஓட்டறான். லீவு நாள்ல ரயிலு ஓட்டறான். இந்த ஆளு எப்பதான் இறங்குவான்?"

மறு வாரம் விளையாட்டுக் கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டது. நான் குதித்தே விட்டேன். 'அடுத்து என்ன வேண்டும்? நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள். எதற்கு அதிக ஓட்டோ அதை முதலில் செய்து தருகிறோம்.' பழைய பிரிட்டிஷ் டீசல்கள் ஒன்று. ஜப்பான் அதிவேக ரயில் ஒன்று. அப்புறம் பனியைத் தள்ளுகிற வண்டி. கடைசியில், ஒரே என்ஜினில் இரண்டு பேர் சேர்ந்து போகிற வசதி. அது எவனுக்கு வேண்டும்? தள்ளிவிட்டேன். போனில் இலவசமாகக் கணக்கு தொடங்கி யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். எதற்கு எத்தனை ஓட்டு என்பது கடைசி நாளில்தான் தெரியும்.

ஓட்டுகிறவனுக்கு ஓட்டு கேட்கத் தெரியாதா என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். ஷிஃப்ட் முடிந்து ஏறியவர்கள் எல்லாரும் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் விழித்திருந்தார். அவர், தான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது என்று சண்டை போட்டார்.

பக்கத்து வீட்டு மாணிக்கவேலிடம் போனேன். டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, முப்பத்தேழின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இது நம்ம டிராக்டரு சத்தம்பா."

"அண்ணே, இங்கிலாந்துலயும் இதுக்கு டிராக்டருன்னுதான் செல்லப் பேரு!"

"அப்போ என் டிராக்டருலயே வந்து குந்திக்கோயேன். உனக்கும் சத்தம், எனக்கும் உழவு."

"ஓட்டு போடுவீங்களா இல்லியா?"

"போடறேன். என் ஒரு ஓட்டு வெச்சி இன்னா பண்ணுவ? உன் வூட்டுலயே ஓட்டு பேங்க்கு வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்தறியே."

உண்மைதான். எஸ்தர் எங்கள் பகுதி மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் போனில் ஒரு வார்த்தை போட்டால் செவிலிமேடு முதல் பிள்ளையார்பாளையம் வரைக்கும் பெண்கள் எழுந்து நிற்பார்கள். ஆனால் ரயில் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. ஆகவே ராஜதந்திரம் தேவைப்பட்டது. அன்று வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

எஸ்தர் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இன்னா ஒடச்ச?"

"ஒண்ணும் ஒடைக்கல மா."

"வண்டிய எங்கனா இடிச்சிட்டியா?"

"ஐயோ, இல்ல."

"பின்ன ஏன் கடாயி தேய்க்கற? ஒழுங்கா சொல்லு."

சொல்லிவிட்டேன். தேர்தல், டீசல், நாற்பதாம் கிளாஸ், விசில், எல்லாம். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்து கடாயைத் தேய்த்தேன். நிமிர்ந்தால், கன்னத்தில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. குழுவுல சொல்றேன்."

"நெஜமாவா?"

"ஆனா எதுக்குப் போடறோம்னு தெரியாம அவங்க போட மாட்டாங்க. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொல்றேன். நீயே வெளக்கிச் சொல்லு."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்? அந்தக் கடாயை இரண்டாம் முறையும் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் மாணிக்கவேல் மனைவி காந்தா. அவர் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறவர். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் நாற்பதாம் கிளாஸின் படத்தைப் பெரிதாக வைத்தேன். பச்சை உடம்பு. மூக்கில் ஒரு மஞ்சள் கட்டம்.

"இதுதான் தாய்மார்களே, நான் சொன்ன வண்டி."

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். காந்தாதான் முதலில் பேசினார்.

"கலரு எடுக்கலையே தம்பி."

"அக்கா, இது ரயிலு."

"இருக்கட்டும். நல்ல எலப்பச்ச. மஞ்ச பார்டரும் பொருத்தந்தான். ஆனா பார்டரு மூக்குல மட்டும் ஒட்டினு இருக்குது. உடம்பு பூரா வரவேணாமா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "முந்தானி பக்கம் திருப்பிக் காட்டுப்பா."

நான் என்ஜினின் பின்பக்கத்தைக் காட்டினேன். அங்கேயும் அதே மூக்கு, அதே மஞ்சள்.

"ரெண்டு பக்கமும் ஒரே முந்தானி! இத எப்டிக் கட்டறது?"

ஒரே சிரிப்பு. நான் அவசரமாக மெரூன் கலர் வண்டி ஒன்றின் படத்துக்கு மாற்றினேன். "ஆங், இது முகூர்த்தத்துக்கு ஆகும்," என்று காந்தா ஒப்புக்கொண்டார். தேர்தல் என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது எஸ்தர் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "ஆமா, அந்தக் கடைசியா ரெண்டு பேருன்னு ஒண்ணு போட்டிருக்குதே, அது இன்னா?"

"அது ஒண்ணுமில்ல மா. ஒரே என்ஜின்ல ரெண்டு பேரு குந்திக்கினு போறது. அந்தக் காலத்துல டிரைவரு கூட ஒரு உதவியாளு இருப்பான். அதெல்லாம் வீண்."

"ஓ," என்றாள். "சரி, ஓட்டு போடற எடத்துல எல்லாம் இங்கிலீஷா இருக்குது. எல்லாரும் போன எங்கிட்ட குடுங்க, நான் போட்டுத் தரேன். நீ போயி டீ போடுபா."

"நானா?"

"டீசலுக்கு ஓட்டு கேக்கறவன் டீயாவது குடுக்க வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. இஞ்சி தட்டினேன். ஏலக்காய் போட்டேன். கூடத்தில் போன்கள் டிங் டிங் என்று அடிப்பது கேட்டது. ஒவ்வொரு டிங்குக்கும் என் நெஞ்சில் ஒரு நாற்பதாம் கிளாஸ் விசிலடித்தது. காந்தா டீயைக் குடித்துவிட்டு, "தம்பிக்குக் கை மணம்," என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

முடிவு வந்த அன்று பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனைத் திறந்தேன். பழைய பிரிட்டிஷ் டீசல்கள் இரண்டாம் இடம். கொஞ்ச ஓட்டில் தோல்வி. முதல் இடம், ஒரே என்ஜினில் இரண்டு பேர்.

கொஞ்ச ஓட்டு! எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த கூட்டமே அதைவிடப் பெரிது. எங்கோ கோளாறு நடந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனையில் மாணிக்கவேல் நின்றிருந்தார்.

"தோத்துட்டேண்ணே."

"இன்னாபா சொல்ற? காந்தா ஜெயிச்சிட்டம்னு மெதுவடை சுட்டுக்கினு இருக்காளே?"

"எது ஜெயிச்சிதாம்?"

"அந்த ரெண்டு பேரு போற வண்டி. உன் சம்சாரம் எல்லாருக்கும் அதுக்குத்தான போட்டுக் குடுத்துது? நீதான் வெக்கப்பட்டுக்கினு வெளிய சொல்லலன்னு எஸ்தரு சொல்லிச்சாம்."

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன். எஸ்தர் மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தரு! என் ஓட்டயெல்லாம் நீ இன்னா பண்ண?"

"உன் ஓட்டா? அவங்க ஓட்டு. நான் கேட்டேன், அவங்க சரின்னாங்க. போட்டுக் குடுத்தேன்."

"நான் இஞ்சி தட்டிப் போட்டேனே டீ!"

"டீ நல்லாத்தான் இருந்திச்சி."

"இது துரோகம். உனக்குத்தான் ரயிலே புடிக்காதே? அப்புறம் ஏன்?"

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். என் சட்டைதான்.

"ரயிலு மேல எனக்கு இன்னா கோவம்? வாரத்துல ஒரு நாளு நீ வூட்டுல இருக்க. அன்னைக்கும் காதுல அத மாட்டிக்கினு எங்கியோ மலையில போயிக்கினு இருக்க. ஷாரோனும் இல்ல. வூடு வெறிச்சுன்னு இருக்குது. நான் இங்கேந்து கூப்ட்டா ஸ்காட்லாந்துக்குக் கேக்குமா? நீ எறங்க மாட்ட. சரி, நானும் ஏறிக்கலாம்னுதான்."

புயல் அங்கேயே நின்றுவிட்டது.

"இத நேராவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மா."

"சொன்னேனே! ஒரு தடவயில்ல, எத்தினியோ தடவ. காதுல அத மாட்டிக்கினே தலைய ஆட்டின. நீ சரின்னுட்டன்னு நெனச்சேன். நீ பிரேக்கு புடிக்கறதுக்கு ஆட்டியிருக்க."

பாதி மடித்த சட்டையை எடுத்து நானே மடித்தேன். தப்பாக மடித்தேன். அவள் பிடுங்கித் திரும்ப மடித்தாள். அத்தோடு எங்கள் சண்டை முடிந்தது.

சொன்னபடியே அந்த வசதி வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்து, கம்ப்யூட்டரைத் துடைத்து, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன். எஸ்தருக்கு ஒன்றிலிருந்து கற்றுத்தர வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும், கத்தக் கூடாது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தாண்ட நவுரு."

"அது டிரைவரு சீட்டு மா."

"தெரியுது. வாரம் பூரா நீதான ஓட்டற. இன்னைக்கு ஒரு நாளு ஒக்காந்துக்கினு வா."

உட்கார்ந்தாள். முப்பத்தேழு இருமியது, கனைத்தது, உறுமியது. நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் பார்த்து, விசில் அடித்து, குலுக்கலே இல்லாமல் கிளம்பிவிட்டாள். முதல் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு நேராக, வெண்ணெயில் கத்தி வைத்தது போல நிறுத்தினாள். எனக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"எஸ்தரு... எங்க கத்துக்கின?"

"நீ பஸ்ஸுக்குப் போனப்புறம், அவ கடைக்குப் போறதுக்குள்ள, நானும் காந்தாவும் தெனம் ஓட்டறமே. அவ பிரேக்கு கொஞ்சம் முரட்டுத்தனமாப் போடுவா. நான் சொல்லிக்கினு இருக்கேன்."

வெளியே மலை நகர்ந்தது. ஏரி ஒன்று வந்தது. "தண்ணி எவ்ளோ அழகா இருக்குது பாரேன்," என்று என் கையைத் தொட்டாள். இந்தப் பாதையில் அத்தனை நாள் போயிருக்கிறேன், சிக்னலைத் தவிர எதையும் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆம்பளை இல்லையா, சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

"அப்போ நான் இன்னா பண்றது?"

"ஒன் பக்கம் எழுதியிருக்கும் பாரு. உதவியாளு வேல."

படித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து டீசல் என்ஜினுக்குள் ஒரு கொதிகலன் இருந்ததாம். அதில் நீராவி உண்டாக்கி, பெட்டிகளில் இருக்கிறவர்களுக்குக் குளிராமல் இருக்க அனுப்ப வேண்டுமாம். அதைப் பார்த்துக்கொள்வது உதவியாளர் பொறுப்பாம்.

ஆகவே வாசகர்களே, திங்கள் முதல் சனி வரை நான் ஒரகடத்துக்கு டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்காட்லாந்தில் வெந்நீர் போடுகிறேன்.