கழுத்தைத் திருப்பும் கேமரா

உலக வரலாற்றில் தன்னைவிடப் பத்திரமாக வாழ்ந்த பெண் இருந்திருக்க முடியாது என்று ஹெஸ்தி நினைத்துக்கொண்டாள். மகாராணிகளின் காவலர்கள்கூட நடுவில் தூங்கிவிடுவார்கள். சோலோ நகரத்துச் சந்து ஒன்றில், விவாகரத்துக்குப் பின் தனியே குடியிருக்கும் அவளுக்கோ தூங்காத காவல்.

பெருமை முழுவதும் சந்துத் தலைவர் பாக் வர்தோயோவையே, அதாவது வர்தோயோ ஐயாவையே, சேரும். கூட்டம் போட்டு, தெம்பே என்னும் சோயா வில்லைகளைப் பொரித்துப் பரிமாறி, கேமரா வகைகளை விளக்கி அவர் ஆற்றியது ஒரு பேருரை.

"குழல் மாதிரி இருக்கறது தூரத்தைப் பார்க்கும். கவுத்த கிண்ணம் மாதிரி இருக்கறது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு திருடனுக்கே தெரியாது. மூணாவது, கழுத்தைத் திருப்பும். எல்லாமே இணையத்துல ஓடுறது. அவங்கவங்க கைப்பேசியிலயே பார்க்கலாம், திருப்பலாம்."

குழல், தலைவரின் பறவைக் கூண்டைக் காக்கப் போனது. கிண்ணம், பூப்பந்துத் திடலுக்கு. கழுத்துள்ளது, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் காவல் கொட்டகையில் ஏறியது. திருப்பும் உரிமை எல்லோருக்கும் இருந்ததால், பெரும்பான்மை முடிவின்படி அது ஹெஸ்தியின் வாசலைப் பார்த்தே நின்றது.

விருந்தாளி வந்தால் ஒரு நாளைக்குள் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் சந்தின் வாட்ஸப் குழு கேட்டது: "வந்திருக்கறது யாரு?"

"என் தம்பி."

"கூடப் பிறந்த தம்பியா?"

"மூக்கைப் பாருங்க."

கேமரா மூக்கை நெருங்கியது. "ஆமா, அதே சப்பை மூக்குதான்" என்று எதிர்வீட்டு அம்மாள் சான்றளித்தார்.

குப்பை கொட்டப் போகும்போதும் தலைவாரிக்கொள்ளும் 'ஒழுக்கம்' ஹெஸ்திக்கு வந்துவிட்டது. ஆளில்லாத சந்தைப் பார்த்துச் சிரிக்கவும் பழகிவிட்டாள். அந்தச் சிரிப்பு யாருடையது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு பட்டப்பகலில், கொட்டகையில் நின்ற தலைவரின் மோட்டார் சைக்கிள் களவு போனது. போலீஸ் பதிவைக் கேட்டது. மிகத் துல்லியமான பதிவு கிடைத்தது: ஹெஸ்தி துணி காயப்போடுகிறாள்.

அன்று மாலை பாக் வர்தோயோ புதிய கேமராவோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"ம்பாக்" என்று அக்கா முறை சொல்லி அழைத்தார். "இதை உங்க வராந்தாவுல மாட்டிடலாம். உங்களைப் பார்க்கறதுக்குன்னே ஒண்ணு இருந்துட்டா, கொட்டகையில இருக்கறதுக்குத் திருடனைப் பார்க்க நேரம் கிடைக்கும். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

ஹெஸ்தி துணிகளை மடித்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வேண்டாம் பாக். இந்தச் சந்துல என் வீட்டுப் பக்கம் திரும்பாம போன ஆளு அந்தத் திருடன் ஒருத்தன்தான்."