கேசட் பாயின் கடைசி அரண்மனை

பிள்ளைக்குப் பயம் தெளிய ஊர் உலகத்தில் கோயிலுக்குப் போவார்கள், பள்ளிவாசலுக்குப் போவார்கள். திண்டுக்கல்லில் செருப்புக் கடைக்குப் போக வைத்தவர் கேசட் பாய் ஒருவர்தான்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே அவர் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெட்டி டிவி, அதில் வீடியோ கேம். பள்ளிக்கூட நாளில் கேசட் செருகி விளையாடினோமே, அதே சாமான்தான். செய்த கம்பெனியே மறந்துபோயிருக்கும். டிவி புகைந்துவிட்டால் பாய் பழனிக்குப் பஸ் ஏறுவார். லாட்ஜில் கழித்துப் போட்ட ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார்.

"புது டிவி வாங்குனா என்ன பாய்?"

"அதுல இந்த வெளையாட்டுத் துப்பாக்கி வேலை செய்யாது தம்பி. பெறகு டிவியில பறக்குற வாத்த யாரு சுடுறது?"

யாராவது எட்டாம் நம்பர் செருப்பு கேட்டால், "செத்த இருங்க, ஆளு பாலத்துல நிக்கிறான்" என்பார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். வந்தவரே தேடி எடுத்து, காசையும் கல்லாவில் போட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கேசட் லேசில் ஓடாது. பாய் அதைக் கழற்றி, கண்ணை மூடி, "ஓடிரு ராசா" என்று முணுமுணுத்து மூன்று தடவை ஊதுவார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவதோ தொப்பி, தாடி, அசையும் உதடு, அப்புறம் ஊதல். பள்ளிவாசலில் பிள்ளைக்கு ஓதி ஊதுவதைப் பார்த்துப் பழகிய ஊர். ஒரு நாள் அழுகிற பிள்ளையோடு ஓர் அம்மா வந்து நின்றார்.

"பாய், நாயப் பாத்து புள்ள பயந்துருச்சு. ஊதி விடுங்க."

"ஏம்மா, நான் செருப்பு விக்கிறவன். பள்ளிவாசல் அங்கிட்டு இருக்கு."

"பொட்டிக்கு ஊதுற வாயி புள்ளைக்கு ஊதாதா?"

ஆட்டம் போகிற அவசரத்தில் ஊதித் தொலைத்தார். பிள்ளை டிவியைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. மறுநாளே வாசலில் வரிசை.

"டோக்கன் போட்ருங்க பாய்" என்று நான் தினமும் சீண்டுவேன்.

பாலத்தில் நிற்கும் அந்த வீரனின் ஆட்டத்தில் கடைசியாக ஓர் அரண்மனை உண்டு. இத்தனை வருஷத்தில் பாய் அதற்குள் நுழைந்ததே இல்லை. ஆட்டத்தை நடுவில் நிறுத்தவும் முடியாது. அந்தப் பட்டன் செத்துவிட்டது, மாற்றுவதற்குச் சாமான் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டும் கேசட்டும் சேர்ந்து கருணை காட்ட, பாய் அரண்மனைப் படிக்கட்டில் கால் வைத்துவிட்டார். மிச்சம் ஒரே ஓர் உயிர். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பிள்ளை வீறிட்டது.

தூக்கிக்கொண்டு நின்றவன் நான்.

என் மூன்று வயது மகளை நாய் துரத்தியதிலிருந்து அவளுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை.

பாய் டிவியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, கண்ணை மூடி, நிதானமாக மூன்று தடவை ஊதினார். அவருக்குப் பின்னால், கேட்பாரற்று நின்ற வீரன் தொபுக்கென்று நெருப்பில் விழுந்தான். அதைப் பார்த்து என் மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"பாய், உங்க ஆட்டம்..."

"அது கெடக்கட்டும். டோக்கன் எங்க?" என்றார்.

அன்று ராத்திரி என் மகள் அசந்து தூங்கினாள். பாய் இன்னும் அந்த அரண்மனைக்குள் போகவில்லை. மறுபடி படிக்கட்டுக்கு வந்தால் ஒரு குரல் கொடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற கூட்டத்தை வாசலில் நின்று நான் பார்த்துக்கொள்கிறேன்.