மாமாவைக் கலைஞராக்கிய கல்வெட்டு

ரோஞ்செத்தோ,
9 மார்ச் 2019

அன்புள்ள எர்மெஸுக்கு உன் அத்தை மகள் நெவியா எழுதுவது. உதினேயில் நீயும் லொரேத்தாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் மட்டும் ஒரு வாரமாக இறங்க மாட்டேன் என்கிறது.

போன இலையுதிர்காலத்தில் நம் நூலகத்துக் கிளேலியா என்னை ஒரு கேள்வி கேட்டாள். ஊரின் பழைய போட்டோக்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுகிறவள் அவள்தான். உன் அப்பா எடுத்த படங்களைப் பெட்டியோடு கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். "டீச்சர், உங்க மாமா எடுத்தது வெறும் போட்டோவா, இல்ல கலையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலையாவது ஒண்ணாவது! கல்யாணப் படத்துல மாப்பிள்ளை தலையையே வெட்டினவரும்மா அவரு." "அப்ப நல்லதாப் போச்சு," என்று அத்தனையையும் ஏற்றிவிட்டாள்.

ஏன் நல்லது என்று உனக்குப் புரிகிறாற்போல் சொல்கிறேன். நான் சீஸையும் உருளைக்கிழங்கையும் வதக்கி ஃபிரீக்கோ செய்தால் அது வெறும் சாப்பாடு. இருபது வருடம் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். (அதற்குமேல் யார் தின்பார் என்று கேட்காதே, உதாரணம்தான்.) அதே ஃபிரீக்கோவைக் கலை என்று யாராவது அறிவித்துவிட்டால், நான் செத்து எழுபது வருடம் ஆகும்வரை ஒருத்தரும் தட்டில் கைவைக்கக் கூடாது. போட்டோவுக்கும் நம் நாட்டில் இதே சட்டம்தான். மாமா போனது 1979-இல். கூட்டிப் பார். 2049 முடிய வேண்டும்.

நீ என்ன செய்தாய்? நகராட்சியைப் பிடித்து, மேயரை இழுத்துவந்து, பழைய ஸ்டுடியோ சுவரில் பளிங்கில் வெட்டிவைத்தாய்: 'ஒளியின் மாபெரும் கலைஞர் ஒலிந்தோ இங்கே பணிபுரிந்தார்.' "எங்கப்பாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா அக்கா?" என்று போன வாரத் திறப்பு விழாவில் மைக்கிலேயே அழுதாய். மறுநாள் ரொட்டி வாங்கப் போன கிளேலியா அதைப் படித்தாள். ரொட்டிகூட வாங்காமல் திரும்பி வந்து எல்லாப் படத்தையும் இறக்கிவிட்டாள். "நகராட்சியே கலைஞர்னு சொல்லுது டீச்சர். நாளைக்குக் கேஸ் வந்தா மாட்டுறது நான்தானே?"

மாமா கலைஞர் அல்ல என்று நிரூபிக்கச் சாட்சி தேடிப் பாருக்குப் போனேன். முதலில் நன்றாகத்தான் போயிற்று. "எங்கம்மா கல்யாணப் படத்துல எங்கம்மா பாதிதான் இருக்கா, மீதி கதவுக்குப் பின்னாடி," என்றான் இறைச்சிக் கடை திராங்குவில்லோ. சபாஷ், எழுதிக் கொடு என்றேன். அதற்குள் இரண்டாவது கோப்பை ஒயின் உள்ளே போய்விட்டது. "ஆனா டீச்சரம்மா, எங்க பன்னியை எடை போடறப்ப எடுத்தாரே, அதைப் பாருங்க. தனக்கு என்ன ஆகப்போவுதுன்னு அதுக்குத் தெரியுது. அந்தக் கண்ணு... அது கலை!" என்று தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் பன்னி என்ன பெருசு? எங்க கழுதைப் படத்தைப் பாருடா!" என்று முடிதிருத்தும் நெரேயோ எழுந்தான். அப்புறம் பார் முழுக்க விமர்சகர்கள்தான். தலை வெட்டப்பட்ட மாப்பிள்ளையின் பேரன்கூட, "அது வேணும்னே வெட்டினது, அதுல அர்த்தம் இருக்கு," என்கிறான். மூலையில் கிளேலியா காபி குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை, எர்மெஸ். அர்ஜென்டினாவில் நோர்மா என்றொரு கிழவி இருக்கிறாள். கைக்குழந்தையாக அவளை அப்பா கப்பலேற்றி அங்கே கூட்டிப்போய்விட்டார். அம்மா இங்கே பட்டு ஆலையில் வேலை பார்த்து, இங்கேயே இறந்துபோனாள். அம்மாவின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆலை வாசலில் மாமா எடுத்த படத்தில் முப்பது பெண்கள். அந்த ஆலைக்காரிகளின் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ இணையத்தில் 'இது எங்கம்மா', 'இது எங்க சித்தி' என்று ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பேரெழுதி வந்தார்கள். பேரில்லாமல் மூன்றே முகம் மிஞ்சியிருந்தபோதுதான் படம் மறைந்தது. அந்த மூன்றில் ஒருத்தி அவள் அம்மா. நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: "மூணுல எதுன்னு தெரிஞ்சுதா டீச்சர்? எனக்கு எண்பத்தெட்டு ஆயிடுச்சு, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க." நான் என்னடா சொல்ல? 2049 வரைக்கும் பொறுத்துக்கோம்மான்னா?

ஆகையால் உடனே உளியோடு ஓர் ஆளை அனுப்பு. 'மாபெரும் கலைஞர்' போய் 'போட்டோக்காரர்' வரட்டும். இல்லையென்றால் ஈஸ்டருக்கு உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன்.

உன் பேரப்பிள்ளைகளை அந்தோனியார் காக்கட்டும். லொரேத்தாவுக்கு முத்தங்கள், உனக்குக் கிடையாது.

தணியாத கோபத்துடன்,
உன் அக்கா
நெவியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கிளேலியா வந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "கலையாவே இருந்தாலும் வாரிசு சம்மதிச்சாப் போதுமே டீச்சர்! அவருக்கு ஒரே பிள்ளைதானே? அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க பேச விட்டீங்க?" ஆகவே மேலே உள்ளதெல்லாம் ரத்து. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். உளி வேண்டாம். மாமா கலைஞராகவே இருக்கட்டும். அந்தப் பன்றியை நானும் திரும்ப ஒருமுறை பார்த்தேன், பாவம். ஈஸ்டருக்கு வருகிறேன். நீ இப்போது ஒரு தாளை எடுத்து, 'என் அப்பா எடுத்த படங்களை எல்லோரும் பார்க்கலாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்றே கிளேலியாவுக்கு அனுப்பு.