ஆன்டெனா அண்ணன் தலைகீழாக ஓட்டிய காதல்

கொரியா நாட்டில் முதலில் கல்யாணம், அப்புறம் காதல், அப்புறம் ஆபீஸில் சண்டை, கடைசியில் "யாரு நீங்க?" என்று கேட்டுவிட்டுப் பிரிந்து போவார்கள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரை செல்லூரில் எங்கள் கேபிள் இணைப்பு இருந்த அத்தனை வீடும் நம்பியது. கல்யாணமானவர்கள் மட்டும் இதில் புதுசாக ஒன்றுமில்லையே என்றார்கள்.

நம்ப வைத்தவர் ஆன்டெனா அண்ணன். அவரைப் போல ஒரு கேபிள்காரரை உலகம் கண்டதில்லை. கண்டிருந்தால் டிவியே வேண்டாமென்று விட்டிருக்கும். படம் தெளியவில்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். "இப்பத் தெரியுதா?" என்பார். பாவம் பார்த்துத் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, அந்தப் படம் முடியும்வரை இறங்க மாட்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் சகலை ஒரு டப்பா நிறையக் கொரியத் தொடர் சிடி கொடுத்தார். ஒரே ஆபீஸில் கீரியும் பாம்புமாகக் கிடக்கும் ஆணும் பெண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதலில் விழுகிற கதை. எந்த சிடியின் மேலும் நம்பர் எழுதியிருக்கவில்லை. கதையின் கடைசி சிடி டப்பாவில் மேலாக இருந்தது. அண்ணன் மேலிருந்து எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, கொரியாவின் மானம் போயிற்று.

"பாஷைதான புரியல? நாமளே பேசிருவோம்டா," என்றார். தினமும் சாயங்காலம் தொடரின் சத்தத்தை அணைத்துவிட்டு, திருவிழா மைக்கை வைத்து நாங்கள் நேரடியாகத் தமிழ் பேசினோம். மேனேஜர், மாமியார், நாய், கதவு எல்லாம் அண்ணன். இடிக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். ஊர் அறிவிப்புகளையும் வசனத்திலேயே சேர்த்துவிடுவார். முதலிரவில் மணப்பெண் கண் கலங்க, "நாளைக்குக் காலையில கரண்ட் இருக்காது, தண்ணி பிடிச்சு வச்சுக்கங்க," என்பாள்.

கதாநாயகன் குரல் நான். ஒயர் இழுக்கிறவன். கதாநாயகி குரல் ஜமுனா. புகார் போன் எடுக்கிறவள். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிற செல்லூர்க் குடும்பம். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருநாள் ஒரு மாடிக்கு அனுப்பினாள். ஏறினேன், நாய் என்னை இறக்கியது.

"அங்க நாய் இருக்குன்னு சொல்லலையே மேடம்?"

"நீங்க கேக்கலையே சார்."

இந்த லட்சணத்தில் முதல் நாளே கல்யாணக் காட்சி. "உன்னைய விட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்று நான் உருகினேன். அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மூணாவது தெரு ஒயர் இன்னும் அந்துதேன் கெடக்கு," என்றாள். கோபம் முற்றினால் மைக்கைப் பொத்தாமலே தன் வீட்டு மொழியில் என்னைத் திட்டுவாள். பாதிச் செல்லூர் அதைக் கொரிய மொழி என்று நினைத்தது. மீதிப் பாதிக்கும் அதுதான் வீட்டு மொழி. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் ஒரு மழைநாள். நான் நனைந்துபோய் எங்கள் கேபிள் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். உள்ளே அவள் போனில், "மழையில ஆள மேல ஏத்த மாட்டோம்ங்க. ஒருநா சீரியல் பாக்காட்டி செத்தா போயிருவீங்க?" என்றாள். அந்த 'ஆள்' நான்தான். அன்றைக்கு எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

ஆனால் திரையில் அதற்குள் அவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு, "ஓம் மூஞ்சில முழிச்சா வெளங்குமா?" என்று கத்த வேண்டியிருந்தது. அவளும் முன்னைப்போல் மனசோடு திட்டவில்லை என்று பட்டது. நிஜமோ, என் ஆசையோ.

ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதோடு வேலையை விட்டுவிடுவாள் என்று அண்ணன்தான் சொன்னார். "சொல்ல வேண்டியதச் சொல்லித் தொலைடா," என்றும் சொன்னார். எனக்கு நாலு மாடி ஏறத் தைரியம் உண்டு. நாலு வார்த்தைக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பாவின் அடியில் கிடந்த கடைசி சிடி வந்துவிட்டது.

திரையில், ஆபீஸ் வாசலில் கதாநாயகி கதாநாயகன்மேல் காபி கொட்டுகிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள்.

"யாரு நீங்க?" என்றாள் ஜமுனா.

புதுசாக வேலைக்கு வந்திருக்கிறேன் என்பது என் வசனம். என் வாய் வேறு சொன்னது. "எம்பேரு முத்துப்பாண்டி. ஊரு எழுமலை. ஒயர் இழுக்குற வேல. உங்களக் கட்டிக்கிறலாம்னு இருக்கேன்."

அண்ணன் மைக்கை அணைத்திருக்கலாம். தட்டை எடுத்து ஓங்கி அடித்தார். திரையில் நல்ல வெயில்.

ஜமுனா என்னையே பார்த்தாள். பிறகு தன் வீட்டு மொழியில் நீளமாக என்னவோ சொன்னாள். சாபம்தான் என்று முடிவு செய்து, செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். தெருமுனை டீக்கடைக்காரருக்கும் சௌராஷ்டிரம்தான் வீட்டு மொழி. டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு?"

"அத நீயே போய்க் கேட்டுக்க மாப்ள."

கேட்காமல் எழுமலைக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோர ஆட்களெல்லாம் ஜமுனாவின் சித்தப்பாக்களாகவே தெரிந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆன்டெனா அண்ணன் என் செருப்போடு மொபெட்டில் வந்து இறங்கினார். "ஏண்டா, 'எங்கப்பா வீட்டுலதேன் இருக்காரு, வந்து பேசுங்க'ன்னு அது ஊரு கேக்கச் சொல்லியிருக்கு. நீ இங்க வந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கிற. ஏறு."

அவள் அப்பா என்னோடு பேசச் சில மாதம் ஆயிற்று. ஆனால் சேலத்துக்காரர்களை வர வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் வீட்டு டிவியும் எங்கள் இணைப்புதான்.

எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. சிடி வரிசை தலைகீழ் என்று அவர் சகலை அப்போதுதான் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் மண்டபத்து டிவியில் பார்த்தோம். தொடர் முதலிலிருந்து சரியான வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு நீங்க?" என்று அண்ணனே ஜமுனாவாகக் கேட்டார். "எம்பேரு முத்துப்பாண்டி, ஊரு எழுமலை," என்று நானாகவும் சொன்னார். பிறகு தட்டை அடித்தார்.