வாடாமல் வைத்த பூ

நான் எதையும் ஒரு தடவையோடு விடமாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்று தெர்மாமீட்டர் காட்டினால், தெர்மாமீட்டருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலை வந்துவிடும். அப்படிப்பட்டவளிடம் பத்து முழம் மல்லிகையை யாராவது ஒப்படைப்பார்களா? என் மாமியார் ஒப்படைத்தார்.

கொழுந்தனாருக்குச் செந்துறையில் பெண் பார்த்திருந்தோம். மறுநாள் காலை போய்ப் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. விடிந்ததும் எங்கள் ஊர் குன்னத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதால் முதல் நாள் மாலையே பூ வாங்கியாயிற்று.

"வாடாம வச்சிருந்து குடும்மா. ஒனக்கு இது ஒன்னுதான் வேல" என்றார் அத்தை. கல்யாணமான மூன்று வருடத்தில் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை.

ஈரத்துணியில் சுற்றினேன். அழுகிவிட்டால்? பிரித்து வாழையிலையில் சுற்றினேன். காய்ந்துவிட்டால்? செல்போனில் நான்கு வீடியோ பார்த்தேன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார் ஒரு அக்கா. எங்கள் வீட்டில் மூடி இறுக்கமாக நிற்கும் டப்பா ஒன்றே ஒன்றுதான். உரித்த சின்ன வெங்காயம் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா.

அதை மகளின் பால்புட்டி மாதிரி மூன்று முறை கழுவி, வெந்நீர் ஊற்றி, மோந்து பார்த்தேன். சந்தேகத்துக்கு அத்தையிடமும் நீட்டினேன்.

"ஒரு வாசனயும் இல்ல, வையி."

(கொல்லையில் பட்டறை போட்டு வெங்காயம் சேர்த்து வைக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் மூக்குக்கு வெங்காய வாசனை என்பது வெறும் காற்று. இது மட்டும்தான் எனக்குத் தோன்றவில்லை. மற்ற பயமெல்லாம் தோன்றியது.)

செந்துறையில் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு மொட்டும் அப்போதுதான் பறித்தது போல நின்றது. "பரவால்லயே!" என்று அத்தை என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தானே மூன்று வருடம்! பூரிப்போடு பூவை எடுத்துப் பெண் கவிதாவின் தலையில் வைத்தார்.

கவிதா முகத்தைச் சுளித்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய சித்தப்பா எழுந்தே விட்டார்.

"என்ன பாப்பா, மாப்ளய புடிக்கலயா? இப்பவே சொல்லிடு. பின்னால யாருக்கும் சங்கடம் வாணாம்."

கொழுந்தனாருக்கு முகம் வெளுத்தது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளை நான் வேகவேகமாகத் தட்டித் தூங்கவைத்தேன்.

"மாப்ளய புடிச்சிருக்கு சித்தப்பா" என்றாள் கவிதா, குனிந்த தலை நிமிராமல். "பூவுலதான் சாம்பார் வாசன வருது."

பெண் வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவள் பின்னலை மோந்து பார்த்து, "அட, ஆமாங்க!" என்றார்கள். எங்கள் ஆட்களும் மோந்து பார்த்து, ஒன்றுமே தெரியவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அத்தை மறுபடி என்னைப் பார்த்தார். இது வேறு பார்வை.

கவிதா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை நான் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே கொழுந்தனார் குரல் கொடுப்பார்: "அண்ணி, பூ தலைக்கா, தாளிக்கவா?"

டப்பாவைக் கவிதாவிடம் நீட்டுகிறேன். அவள் மோந்து பார்த்து, "ஒன்னுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்கிறாள்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இருப்பவள். அவள் மூக்கை இனி எப்படி நம்புவது?